மெர்லிகொன் பற்றி ஒரு பக்கம்

ஆகஸ்ட் 4, வெள்ளி

நகரசபைக் கடிதம் இன்று வந்தது. குடியுரிமை நேர்முகம் அக்டோபர் 24, பின்னேரம் ஐந்தரைக்கு. எனக்கும் மனைவி சசிக்கும் மகள் ஆரணிக்கும் ஒரே நாள்தான். அதற்குப் பத்து நாள் முன்னதாக நான் 'நான் வாழும் நகரம்' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டுமாம். இருபத்தாறு வருடமாகச் சுவிஸில் பாத்திரம் கழுவி, மரக்கறி வெட்டி, இப்போது முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டாம் ஆளாக நிற்கிறவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கட்டுரைப் பரீட்சை.

"நீங்கள் தமிழில எழுதுங்கோ அப்பா, நான் ஜேர்மனுக்கு மாத்தித் தாறன்," என்றாள் ஆரணி. "ஆனா உண்மையா எழுதுங்கோ. இன்ரநெற்றில பாத்து எழுதினா அவைக்கு உடன விளங்கும்."

பதினேழு வயது. வீட்டில் யார் பெற்றோர் என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். அவள் சொல்லித்தான் இந்தக் கொப்பி வாங்கினேன். உண்மையாக எழுதவேண்டுமாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மெர்லிகொன் ஒரு சிறிய நகரம். ஏரிக்கரையில் இருக்கிறது. சனத்தொகை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

இந்த மூன்று வசனத்துக்கும் ஒரு மணித்தியாலம் போனது. நான்காவதை யோசிக்கும்போது குலசேகரம் ரெலிபோன் எடுத்தான். என் ஊர்க்காரன், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவன். இப்போது கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். எடுத்தால் சிரித்துக் கதைப்பவன், இன்று எடுத்தவுடனேயே சத்தம் போட்டான்.

"மச்சான், அநியாயத்தைக் கேளு. என்ர பெடியன் ஒரு பெட்டையை விரும்பிறானாம். ஆரின்ர மகள் எண்டு நினைக்கிறாய்? அந்த அரியநாயகத்தின்ர!"

அரியநாயகம் இங்கே, ரெயிலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறார். அவருடைய மகள் தர்சிகா போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள். அங்கே அவளுடைய பழுதான கொம்பியூற்றரைத் திருத்திக் கொடுத்தவன் குலத்தின் மகன் கபிலன். திருத்தக் கொடுத்தது ஒரு நாள், கதைத்தது ஒரு வருடம்.

"என்ர கதையை வித்துத் தன்ர விசாவை எடுத்தவன் மச்சான் அவன். அவன்ர வீட்டில என்ர பிள்ளை கை நனைக்கிறதோ? நான் உயிரோட இருக்கும்வரை நடக்காது. பெடியன் நம்பிறான் இல்லை. சாட்சி எங்கை எண்டு கேக்கிறான். நீதானே அண்டைக்கு அந்த அறையில இருந்தனி. நீ ஒருக்கா அவனோட கதை. நீ சொன்னா நம்புவான்."

பார்ப்போம் என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை என்பது குலத்துக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 7

எழுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15

நூலகத்திலிருந்து ஆரணி நகர வரலாறு எடுத்து வந்தாள். மெல்லிய புத்தகம். சாப்பாட்டு மேசையில் என்னை இருத்திக் கேள்வி கேட்கிறாள்.

"ஏரியின்ர ஆழம்?"

"அறுபத்தொரு மீற்றர்."

"நகரம் முதல் ஆரின்ர?"

"சாமிமாரின்ர. மடத்துக்காரர். மீன் எல்லாம் மடத்துக்குச் சொந்தம், வலை மட்டும் சனத்துக்குச் சொந்தம்."

"அப்பா, அப்பிடி எழுதேல்லை இதில."

"அதுதான் அர்த்தம், பிள்ளை."

சிரித்தாள். பிறகு பட்டுக்குச் சாயம் போடும் ஆலைகள் வந்த கதை. ஆலைத் தண்ணீர் நேரே ஏரிக்குள் போகுமாம். இந்தக் கிழமை எந்த நிறத்துக்கு ஓடர் கிடைத்தது என்பதைக் கரையில் தண்ணீரைப் பார்த்தே சனம் சொல்லுமாம். உடுப்புத் தோய்க்கப் போன பெண்களின் வெள்ளைத் துணி ஊதாவாகி வருமாம். எனக்கு இது பிடித்துவிட்டது. கட்டுரையில் போடுவேன்.

புத்தகத்தை மூடிவிட்டு ஆரணி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, யோகமலர் மாமியின்ர படம் ஒண்டும் இல்லையோ? உங்கட அம்மாவின்ர பெட்டியில இருந்திருக்குமே?"

இல்லை, எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது என்றேன்.

மார்ச் மாதம் குடியுரிமை விண்ணப்பத்தை ஆரணிதான் நிரப்பினாள். சகோதரர் என்ற இடத்துக்கு வந்ததும், பழைய அகதிக் கோப்பில் இருக்கிற மாதிரியே எழுது, இரண்டும் ஒத்துப்போகவேண்டும் என்று சொன்னேன். ஒரு தங்கை, யோகமலர் சின்னையா, 1996 இல் காணாமல் போனவர். தனக்கு ஒரு மாமி இருந்தாள் என்று அன்றைக்குத்தான் பிள்ளைக்குத் தெரியும். அழுதாள். ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டாள். ஜூன் மாதம் வகுப்பில் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு பேச்சுக் கொடுத்தாள். யோகமலர் மாமியைப் பற்றியும் சொல்லி முழுப் புள்ளி வாங்கினாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று சசியிடம் சொன்னேன்.

சசி என்னைப் பார்த்தபடி நின்றாள். எனக்குச் சகோதரர் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

குலம் எடுத்தான். ரெலிபோன் அடித்து ஓய்ந்தது, நான் எடுக்கவில்லை. குளிப்பறையைத் தேய்த்துக் கழுவினேன். தேய்க்கத் தேவையில்லாத இடத்தையும் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இந்தப் பக்கங்களைப் பிறகு கிழித்துவிடலாம். கட்டுரைப் பக்கத்தை மட்டும் ஆரணியிடம் கொடுத்தால் போதும். ஆகவே அந்த அறையைப் பற்றி எழுதுகிறேன்.

1997 மாரி. அகதிகள் முகாமில் ஒரு அறையில் நாங்கள் மூவர்: நான், குலம், அரியநாயகம் அண்ணை. விசாரணைக்குக் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டும். குலத்தின் கதை பெரிய கதை. ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் முகாமில் வைத்திருந்தது. அவனைத் தேடி அந்த வாசலுக்குப் போன அவனுடைய தங்கை திரும்பி வரவில்லை. அவனைப் பதினோராம் நாள் விட்டார்கள். வீட்டுக்கு வந்து தங்கை எங்கே என்று கேட்டிருக்கிறான். உன்னைத் தேடித்தானே போனவள் என்று தாய் சொல்லியிருக்கிறார்.

விசாரணையில் அழுதுவிட்டால் கதை குழம்பிப்போகும் என்று குலத்துக்குப் பயம். அதனால் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினான். மூன்று நாள் பின்னேரங்களில். முதல் நாள் பாதியிலேயே நின்றுவிட்டான். மூன்றாம் நாள் அழாமல் முடித்தான். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எந்த வாசல், என்ன நேரம், அவள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள், எல்லாம் எங்களுக்கும் பாடமாகிவிட்டது.

எனக்குச் செவ்வாய் விசாரணை. அரியம் அண்ணைக்குப் புதன். குலத்துக்கு வியாழன்.

வியாழக்கிழமை அதிகாரி குலத்திடம், இதே கதையை இந்தக் கிழமை இன்னொருவரும் சொன்னார், முகாமில் யார் சொல்லித் தந்தது என்று கேட்டாராம். குலத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த வருடம் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதும் பிடித்து ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அரியம் அண்ணைக்கு இரண்டு மாதத்தில் விசா வந்தது. ஆகவே குலம் அவர்தான் என்று முடிவு கட்டினான்.

கதை எப்படியோ வெளியே போய்விட்டது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 5

இன்று இந்த நகரத்தின் துக்க நாள். சமையலறையில் காலை நாலரைக்கே தொடங்கி ஊதாப் பிளம்ஸ் கேக் பதினாலு தட்டு சுட்டோம். பின்னேரம் கரையில் சனத்துக்குக் கொடுப்பது நம் இல்லத்தின் வழக்கம். தட்டுகளோடு நானும் போனேன். இத்தனை வருடமும் கேக்கை இறக்கிவிட்டு வந்துவிடுவேன். கட்டுரைக்காக இன்று நின்று பார்த்தேன்.

1884 இல் உல்லாசப் பயணிகளுக்காகக் கரையில் பெரிய மதில் கட்டி நடைபாதை போட்டார்களாம். கரை சேறு, பாரம் தாங்காது, வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஒரு கொத்தனார் நகரசபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திறப்பு விழா முடியட்டும், கடிதத்தைப் பிறகு வாசிப்போம் என்று சபையில் ஐந்துக்கு நாலு வாக்கில் தீர்மானித்தார்கள். விழாவுக்கு முதல் நாள் பத்தொன்பது வீடுகள் ஏரிக்குள் போய்விட்டன. பதினொரு பேர் செத்தார்கள். ஒன்பது பேரின் உடல்தான் கிடைத்தது.

அன்று வாசிக்காத அந்தக் கடிதத்தை ஒவ்வொரு வருடமும் இதே நாளில் நகரத் தலைவர் கரையில் நின்று வாசிக்கவேண்டும். யார் தலைவராக வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும். வாசித்து முடிந்ததும் ஐந்து பேரின் பெயர். இறந்தவர்களின் பெயராக்கும் என்று நினைத்தேன். இல்லை. பிறகு வாசிக்கலாம் என்று கை தூக்கிய ஐந்து பேருடையது. அந்த ஐந்து பேரில் ஒருவரின் பேத்தியின் மகள் எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார், தொண்ணூற்றொரு வயது. சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். தன் குடும்பப் பெயர் வந்தபோது தலையைக் குனியவில்லை. கேட்டுவிட்டு என்னிடம் கேக் கேட்டார்.

இரண்டாவது துண்டும் கேட்டார்.

செப்டம்பர் 6

நான்தான் சொன்னேன்.

என்னைச் சுவிஸுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் என்னிடம், உன்னுடைய கதை நிற்காது தம்பி, உனக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லியிருந்தான். உண்மைதான். ஷெல்லுக்கும் ஆமிக்கும் பயந்து ஓடி வந்த ஆயிரம் பேரில் நான் ஒருவன். செவ்வாய்க்கிழமை அதிகாரிக்கு முன்னால் இருந்தபோது என் கதை நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. இன்னும் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், குலத்தின் கதை வந்தது. அவன் பழகிப் பழகிச் செப்பனிட்ட வசனங்களிலேயே வந்தது. அவனால் முதல் நாள் அடக்க முடியாத அழுகை எனக்கும் வந்தது. அது நடிப்பில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

தங்கையின் பெயர் கேட்டார். எனக்குத் தங்கை இருந்தால்தானே பெயர் யோசிக்கலாம். யோகமலர் என்றேன், குலத்தின் தங்கையின் பெயர். அவள் கையால் எத்தனை நாள் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறேன். சீனி கூடக் கேட்டால், கூப்பன் சீனி தாற சங்கக்கடை உங்கட வீட்டுக் குசினியிலயோ இருக்கு என்று கேட்பாள். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதுவது இங்கே வழக்கம். அதனால் கோப்பில் அவள் யோகமலர் சின்னையா ஆனாள். சின்னையா என் அப்பா.

குலம் திருப்பி அனுப்பப்படுவான் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாக நடந்தது என்பதால் அவனை எப்படியும் நம்புவார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்தவனை நம்பிவிட்டார்கள்.

அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஒரே ஊர், ஒரே வாங்கு.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று ரெலிபோனில் கபிலன். தகப்பன் பக்கத்தில் இருக்கிறான் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"மாமா, நீங்கள் சொல்லுங்கோ. தர்சிகாவின்ர அப்பாதான் சொன்னவரோ? நீங்கள் ஓம் எண்டு சொன்னா நான் இதோட விட்டிடுவன்."

"அது கனகாலம் தம்பி. எனக்கு வடிவா ஞாபகம் இல்லை."

"ஓமோ இல்லையோ எண்டாவது?"

"ஞாபகம் இல்லை, தம்பி."

பின்னால் குலத்தின் குரல்: "பாத்தியோ, அவனுக்குக் காட்டிக் குடுக்க மனமில்லை. அவன் அப்பிடித்தான். நல்லவன்."

ரெலிபோனை வைத்தேன். ஓம் என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை.

செப்டம்பர் 12

அரியம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு.

"தம்பி, நான் ஒண்டும் கேக்க வரேல்லை. என்ர மகள் சாப்பிடுறாளில்லை. அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு எனக்குத் தெரியும். அந்த அறையில மூண்டு பேர்தான் இருந்தனாங்கள் எண்டும் தெரியும். அவ்வளவுதான்."

வைத்துவிட்டார். இருபத்தாறு வருடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. எனக்கு விசா போகக்கூடாது என்று பேசாமல் இருந்தாரா, என்ன சொன்னாலும் குலம் நம்பமாட்டான் என்று இருந்தாரா, தெரியவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

சசியிடம் எல்லாவற்றையும் சொல்லி, குலத்துக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த நேரம் எல்லாரும்தான் ஆற்றையோ கதையைச் சொல்லி வந்தவை. உங்களை மட்டும் தூக்கில போடப் போகினமோ?"

"எல்லாரும் சொன்னதால ஆக்கள் திரும்பிப் போகேல்லை. நான் சொன்னதால ஒருத்தன் போனவன்."

"சரி. சொல்லுங்கோ. ஆனா நேர்முகம் முடியட்டும். அஞ்சு கிழமைதானே. பிள்ளைக்கு அந்தப் பாஸ்போட் கையில வரட்டும். பிறகு எங்கை வேணுமெண்டாலும் போய் அழுங்கோ."

பிறகு வாசிப்போம் என்று கை தூக்கியவர்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். "உங்கட ஏரிக் கதையை என்னட்டைக் கொண்டு வராதேங்கோ," என்றாள். அவள் கோபத்தில் பிழை இல்லை. இருபது வருடமாக மற்றவர்களின் அலுவலகங்களைத் துடைத்த கைதான் அது. கேட்பது பிள்ளைக்கு ஒரு பாஸ்போட். எனக்கும் அந்த ஐந்து கிழமை இனிப்பாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

குலம் எடுத்தான். காலநிலை கதைத்தோம்.

அக்டோபர் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கபிலன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒரு சிநேகிதன் வீட்டில் நிற்கிறானாம். குலம் அழுதான். "அந்த அரியநாயகம் எனக்கு விசாவையும் இல்லாமல் பண்ணி, இப்ப பிள்ளையையும் எடுத்திட்டான் மச்சான்," என்றான். அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"குலம், அரியம் அண்ணை சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். செவ்வாய்க்கிழமை."

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"முழுக்கவோ?" என்றான்.

"முழுக்க."

"அவள் வாசலுக்குப் போனதும்?"

"ஓம்."

"அவளின்ர பேரும் சொன்னனியோ?"

"ஓம்."

"உனக்குத் தங்கச்சி எண்டோ?"

"ஓம்."

"அப்ப அங்கை ஆற்ற பேரோட எழுதியிருக்கு அவளை?"

சொன்னேன். யோகமலர் சின்னையா.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் கதைத்தான்.

"இஞ்சை ஒரு இடத்திலயும் அவள் அங்கை போனவள் எண்டு எழுதமாட்டினமாம், தெரியுமோ? எத்தினை கந்தோர், எத்தினை ஆணைக்குழு. அம்மா சாகும்வரை ஃபைலோட அலைஞ்சவ. அப்பிடி ஒரு பிள்ளை இந்த வாசலுக்கு வரேல்லை எண்டுதான் எல்லாற்றை பதிலும். உலகத்தில ஒரு இடத்தில மட்டும் அவள் போனவள், வரேல்லை எண்டு நம்பி எழுதியிருக்கினம். அதில அவளுக்குத் தகப்பன் உன்ர அப்பா."

"குலம்..."

"மாத்து. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். என்ர அப்பா இளையதம்பி. அவளுக்கு அவற்ற பேரைத் திருப்பிப் போடு."

"அப்பிடி எண்டா நான் போய்ச் சொல்லோணும், பொய் சொன்னனான் எண்டு."

"ஓம். சொல்லோணும்."

வைத்துவிட்டான்.

அக்டோபர் 3

சசி என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது. மூடி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

நான் கரையில் நடந்துவிட்டு வரும்போது ஆரணி சாப்பாட்டு மேசையில் இருந்தாள். முன்னால் இந்தக் கொப்பி. கட்டுரைக்கு நாள் நெருங்குகிறது, அப்பா மறந்துபோய் விட்டாராக்கும் என்று தானே எடுத்து வேலையைத் தொடங்கியிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் மூன்று வரை எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இது எல்லாத்தையும் ஜேர்மனுக்கு மாத்தோணுமோ?"

இனிக் கிழித்துப் பயனில்லை.

"நான் வகுப்பில எல்லாருக்கும் முன்னால அழுதனான்," என்றாள். "ரீச்சர் என்னைக் கட்டிப் பிடிச்சவ. யோகமலர் மாமி இல்லாத ஆளில்லை எண்டாலும், எங்கட ஆளில்லை."

"நீ பொய் சொல்லேல்லை, பிள்ளை. நான்தான்."

"எனக்குத் தெரியும் ஆர் சொன்னது எண்டு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அடித்துச் சாத்தவில்லை. மெல்லத்தான் சாத்தினாள். சசி குசினியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கொப்பியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தாள். "நானும் சேந்துதானே அந்த விண்ணப்பத்தில கையெழுத்து வைச்சனான்," என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வசனம்.

அக்டோபர் 13

ஒரு பக்கம் முடிந்தது. ஆரணி மாற்றிவிட்டாள். மடம், மீன், ஊதாத் துணி, மதில், வாசிக்காத கடிதம், பிளம்ஸ் கேக் எல்லாம் இருக்கிறது. நல்ல நகரம் என்று எழுதவில்லை. தான் செய்ததை ஒளிக்காத நகரம், ஆனால் அதற்குப் பதினொரு பேர் சாகவேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறேன். இதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்றாள். உண்மையாக எழுது என்று நீதானே சொன்னாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த வசனத்தை எடுக்கவில்லை, அப்படியே அனுப்பினாள்.

பிறகு ஒரு கடதாசியில் மூன்று ஜேர்மன் வசனம் எழுதிக் கொண்டுவந்து தந்தாள். அவள் என் தங்கை அல்ல. அவள் என் நண்பன் குலசேகரம் இளையதம்பியின் தங்கை. 1997 இல் நான் பொய் சொன்னேன்.

"சொல்லிப் பழகுங்கோ," என்றாள். "நீங்கள் பதகளிச்சா ஜேர்மன் மறந்து போவியள்."

மேசையில் இருந்து பழகினேன். முதல் தரம் பாதியில் நின்றுவிட்டேன். மற்றவனின் கதையை ஒரு பிழை இல்லாமல் ஒரே மூச்சில் சொன்ன வாய்க்கு என்னுடைய மூன்று வசனம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக அவள் திருத்தினாள். பதினைந்து தரமாவது இருக்கும்.

"இதால உனக்கு அந்தப் பாஸ்போட் கிடைக்காமல் போகலாம்," என்றேன்.

"நான் இஞ்சை பிறந்தனான். எனக்கு எண்டு பிறகு கேப்பன்," என்றாள். "திரும்பச் சொல்லுங்கோ. ரெண்டாவது வசனம்."

அக்டோபர் 24, செவ்வாய்

இதுவும் செவ்வாய்க்கிழமைதான் என்று ரெயில் நிலையத்து நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

நகரசபை இரண்டாம் மாடி. நீள மேசை, ஐந்து பேர், தண்ணீர்க் கிளாஸ். தலைவி நரைத்த தலைமயிர்க்காரி, மருந்துக்கடை வைத்திருப்பவர். என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். மீனும் வலையும் பற்றிய வசனத்தை வாசித்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஏரியின் ஆழம் கேட்டார்கள். சொன்னேன். நகரசபையில் எத்தனை பேர், குப்பை எந்த நாள், எல்லாம் கேட்டார்கள். சசிக்கு ஒரு கேள்வி, ஆரணிக்கு இரண்டு. எல்லாம் நன்றாகப் போனது. இப்படியே எழும்பி வந்துவிடலாம் போல நன்றாகப் போனது.

கடைசியில் தலைவி விண்ணப்பத்தைப் புரட்டினார். குரலைத் தாழ்த்தி, போரில் ஒரு தங்கையை இழந்திருக்கிறீர்கள், எங்கள் எல்லாருடைய அனுதாபமும் என்றார். அது கேள்வியே இல்லை. நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் முடிந்திருக்கும்.

மேசைக்குக் கீழே சசியின் கை என் முழங்காலைப் பிடித்தது. வேண்டாம் என்று பிடித்ததா, சொல்லுங்கோ என்று பிடித்ததா, இப்போதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மூன்று வசனமும் சொன்னேன்.

பிறகு தலைவி, நீங்கள் சொன்னதன் அர்த்தம் உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டார். என் ஜேர்மனை நம்பாமல்தான் கேட்டார். விளங்குகிறது என்றேன். இதை மேலிடத்துக்கு அனுப்பவேண்டும், உங்கள் விண்ணப்பம் இங்கேயே நிற்கும், வதிவிட அனுமதியைப் பற்றியும் தான் எதுவும் சொல்லமுடியாது என்றார். மனைவியினதையும் மகளினதையும் தனியாகப் பார்ப்பார்களாம். நான் ஓம் என்று தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

"தங்கையின் பெயரைச் சரியாக எழுதவேண்டும்," என்றேன்.

பேனையை எடுத்தார். யோகமலர் இளையதம்பி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பழைய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் எழுதினார். தமையன் குலசேகரம் இளையதம்பி, கிளிநொச்சி. அதையும் எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார்.

வெளியே வந்து கரையில் ஒரு வாங்கில் இருந்து குலத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். சசியும் ஆரணியும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அங்கே இரவு பத்தாகியிருக்கும், ஆனாலும் உடனே எடுத்தான்.

"மாத்தியாச்சு," என்றேன். "எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு."

"என்னெண்டு எழுதினவை? சொல்லு."

"யோகமலர் இளையதம்பி."

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். இன்னொரு தரம் கேட்டான். மூன்று தரம் சொன்னேன்.

"அரியநாயகத்திட்டை நான் நேற்றே கதைச்சிட்டன்," என்றான். "தை மாதம் கலியாணம். அவர் என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை. நான்தான் அழுதனான்."

"நல்லது குலம்."

"ஓம்." பிறகு சொன்னான்: "நான் அவளைப் பற்றி ஆரோடையும் கதைக்கிறேல்லை, உன்னோட மட்டும்தான் கதைச்சனான், இருபத்தாறு வருசமும். நீயும் அவளைத் தெரிஞ்சவன் எண்டு. இனி எனக்கு எடுக்காதை."

சரி என்றேன். அவன் வைக்கும்வரை காதில் வைத்திருந்தேன். பிறகு மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.